மச்சான் கயிறு

என் அண்ணன் கஸ்பார் சீட்டியடித்துக்கொண்டே படகில் ஏறுகிறான் என்றால் ஊருக்கு அது நல்ல சேதி. எனக்கு அது கெட்ட சேதி. அதே படகில் என் வீட்டுக்காரர் ரெமியும் ஏறுவார். கொஞ்ச நேரத்தில் கடலுக்குள் இறங்கிவிடுவார். அப்புறம் அவர் மேலே வருவதும் வராததும் என் அண்ணன் கையில்.

முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் தூத்துக்குடியில் இது வழக்கம். மூழ்குகிறவனின் கயிற்றைப் படகில் இருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சானாக இருக்க வேண்டும், அதாவது பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். சொந்தத் தம்பியை நம்ப மாட்டார்கள், பங்காளிக்குச் சொத்தில் ஒரு கண் இருக்கும். மச்சானுக்கு அப்படியில்லை. கயிறு நழுவினால் தாலியறுப்பது அவன் உடன்பிறப்பு. அந்தப் பயம்தான் அவன் பிடியை இறுக்கும்.

முத்து போயிற்று, சங்கும் குறைந்தது. இப்போது எங்கள் கடலடியில் கிடப்பவை கம்பெனியின் கணினித் தொட்டிகள். உலகம் பேசுகிற பேச்சையும் எடுக்கிற படத்தையும் சேர்த்து வைக்கும் இயந்திரங்களை இரும்புத் தொட்டிகளில் அடைத்து, சூடேறாமல் இருக்கக் கடலுக்கு அடியில் இறக்கி வைத்திருக்கிறார்கள். மேலே பாசியும் சிப்பியும் ஒட்டினால் சூடேறும், ஆள் இறங்கிச் சுரண்ட வேண்டும். முதலில் ரோபோவை இறக்கினார்கள். நீரோட்டம் அதைத் தொட்டிகளுக்கு நடுவே சொருகிவிட்டுப் போனது. பிறகு மனிதர்களை இறக்கி, கயிறு பிடிக்க மட்டும் இயந்திரம் வைத்தார்கள். எங்கள் ஆட்கள் ஒருவரும் இறங்கவில்லை. "மிஷினுக்குத் தங்கச்சி உண்டா?" என்று கேட்டார்கள். 

ஆக, கயிறு மறுபடி மச்சான்மார் கைக்கு வந்தது. காற்றுக் குழாயும் அதோடு சேர்ந்தே இறங்கும். தொட்டிகளின் இரைச்சலில் கீழே பேச்சு எடுபடாது என்பதால் இழுத்துத்தான் சேதி சொல்ல வேண்டும். ஒரு இழுப்பு என்றால் சுகம். விடாமல் இழுத்தால் மேலே தூக்கு என்று அர்த்தம். கயிறு பிடித்தவனிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது என்பதும் பழைய சட்டம்தான். ரேடியோ வந்த பிறகு அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள். நானே கரையில் ரேடியோ அறையில்தான் வேலை பார்க்கிறேன். காற்று எப்படி, அலை எப்படி என்று படகுகளுக்குச் சொல்வது என் வேலை. நடுநடுவே வீட்டு விஷயமும் ஓடும். எல்லாரும் சொந்தக்காரர்கள், என்ன செய்வது.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஜெரால்டு அத்தான் செத்ததும் அண்ணன் பிடித்த கயிற்றில்தான். அக்கா பெனிட்டாவின் புருஷன் அவர். அன்றைக்கு நாள் நன்றாகத்தான் விடிந்தது. அக்கா மகனுக்கு அடுத்த ஞாயிறு புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். காலையில் நான்கூட அண்ணனை ரேடியோவில் கூப்பிட்டு, விருந்துக்கு என்ன கேக் சொல்ல, மக்ரூன் எவ்வளவு சொல்ல என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பிளம் கேக் ஆகாது. அதில் ஒரு வாக்குவாதம், சிரிப்பு. பிறகு ரேடியோவில் கூச்சல் கேட்டது. அத்தானுடைய காற்றுக் குழாய் தொட்டி விளிம்பில் சிக்கி நசுங்கியிருந்தது. அவர் விடாமல் இழுத்திருக்க வேண்டும். தூக்கியபோது முகம் நீலம் பாரித்திருந்தது. விசாரணையில் அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். "கண்ணசந்துட்டேன்."

"எம் புருசன் கீழ மூச்சுக்குத் துடிக்கையில நீ மேல தூங்கியிருக்க" என்றாள் அக்கா. அதுதான் அவனோடு அவள் பேசிய கடைசிப் பேச்சு.

அதன்பின் அண்ணன் பாதி ஆளானான். கல்யாண வீட்டுக்குப் போக மாட்டான், சிரித்து யாரும் பார்க்கவில்லை. எங்களுக்கு வேறு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் ரெமிக்கும் அவன்தான் கயிறு பிடித்தான். பிடிக்கும்போது கை நடுங்கும். ரெமி ஒரு சிப்பியைச் சுரண்டுவதற்குள் பயந்து தூக்கிவிடுவான். மற்றவர்கள் கேலி செய்தார்கள். எனக்கு மட்டும் அந்த நடுக்கம் பெரிய தெம்பு. ஒரு தரம் கயிற்றை விட்டவன், அந்த வலி இருக்கிறவரை மறுபடி விடமாட்டான்.

அந்த வலியைத்தான் கம்பெனி எடுக்கச் சொன்னது.

அதற்குப் பெயர் தணிப்பு. செய்த தப்பு ஞாபகத்தில் இருக்கும், ஆனால் உறுத்தாது. கம்பெனி ஆஸ்பத்திரியிலேயே செய்தார்கள். கயிறு பிடிக்கிறவர்களுக்கு இலவசம். கை நடுங்குகிறவர்கள் போயே ஆக வேண்டும், இல்லையென்றால் அவர்கள் இடத்துக்கு இயந்திரம் வரும் என்று உத்தரவு. அண்ணன் போனான். சனிக்கிழமைதோறும் போனான். சில மாதத்தில் கை நடுக்கம் நின்றது. அப்புறம் சீட்டி ஆரம்பித்தது.

ஊரில் இந்தத் தணிப்பு வந்ததிலிருந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். குடித்துவிட்டு ஓட்டி ஒரு பிள்ளையை ஏற்றிக் கொன்ற லாரிக்காரர் ஒருவர், தணிப்பு எடுத்த கையோடு அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்து பரோட்டா தின்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அந்தக் கடையில் சால்னா நன்றாக இருக்குமாம். பிள்ளையின் அம்மாதான் வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள். கோவிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையே இல்லை. இப்படி ஒரு மனுஷனாக என் அண்ணனும் ஆகிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் ரெமிக்குச் சோறு போடும்போது கேட்டேவிட்டேன்.

"உங்களுக்குப் பயமே இல்லியா?"

"எதுக்கு?"

"அண்ணன் ஆளே மாறிட்டான். சீட்டியடிக்கான், சிரிக்கான். ஒரு உயிரு போச்சேங்கிற நெனப்பே இல்ல."

"நெனப்பு இருந்து என்னத்தக் கண்டோம்? முந்தி நான் எறங்குன ஒடனே தூக்கிருவாரு. இப்பத்தான் ஒழுங்கா வேல ஓடுது." சீலா மீன் துண்டை எடுத்து முள் பார்த்துக்கொண்டே சொன்னார். "மனுசன் எத்தன நாளைக்குத்தான் செத்துக்கிட்டே இருப்பாரு, பாவம்."

"செஞ்ச தப்பு வலிக்கலன்னா திரும்பச் செய்வாங்க."

"நீ கரையில கெடந்து எதையாவது யோசிக்காத ஜெசி. பயந்துக்கிட்டு எறங்குனா எனக்குத்தான் மூச்சு எகிறும்."

பேச்சை மாற்றி இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். பயத்தை அவருக்கு ஒட்டவைத்தால் அதுவே அவரைக் கொன்றுவிடும்.

அத்தானின் நினைவுத் திருப்பலி வந்தது. அண்ணன் எப்போதும் கோவிலுக்கு வெளியே, கொடிமரத்துப் பக்கம் நின்றுவிட்டுப் போய்விடுவான். அந்த வருடம் உள்ளே வந்தான். பூசை முடிந்ததும் நேராக அக்கா முன்னால் போய் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். அக்கா சட்டென்று திரும்பிக்கொண்டாள். அவன் அவள் மகன் தலையைத் தடவிவிட்டு, எல்லாரோடும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். இரண்டாம் தரம் சட்னி கேட்டு வாங்கினான். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. என்ன நெஞ்சு இவனுக்கு என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தான். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

அந்த வாரமே மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. கடல் கொஞ்சம் கெட்டிருந்தது. ஆனால் ஒரு தொட்டியில் சூடு ஏறிவிட்டது, இறங்கியாக வேண்டும் என்றார்கள். ரேடியோ அறையில் படகைக் காட்டும் திரை உண்டு. ரெமி இறங்கினார். தலை தண்ணீருக்குள் போனதும் வழக்கம்போல சிலுவை போட்டுக்கொண்டேன். அண்ணன் படகு விளிம்பில் உட்கார்ந்து கயிற்றைக் கையில் வாங்கினான். உதடு குவிந்தது. சீட்டியடிக்கிறான். அது மட்டும் என்றால் பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணசந்துட்டேன். அந்த ஒரு வார்த்தை என் காதில் அறைந்தது.

"அண்ணே" என்று ரேடியோவில் கூப்பிட்டேன். அவன் அசையவில்லை. "அண்ணே, கண்ணத் தொற. தூங்காத." அசையவில்லை. அலை படகைத் தூக்கிப் போட்டது. "லே கஸ்பாரு, கயித்தப் பாருலே." மரியாதை எல்லாம் போய்விட்டது, தொண்டை கிழியக் கத்தினேன். நிறுத்தாமல் கத்தினேன். அவன் கண்ணைத் திறந்தான். ஒரு கையால் காதில் இருந்த ரேடியோக் கருவியைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

என்னால் அதற்குமேல் எதுவும் செய்ய முடியவில்லை. திரைக்கு முன்னால் நின்று பார்க்க மட்டும்தான் முடிந்தது. நான் விதவையாவதை இங்கே இருந்தே பார்க்கப் போகிறேன் என்று நினைத்தேன். 

அப்போது அண்ணனின் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. கயிற்றைக் கொஞ்சம் விட்டான், வலப்பக்கம் நகர்ந்து இழுத்தான், மறுபடி விட்டான், பிறகு வேகமாகத் தூக்கினான். ரெமியின் தலை தண்ணீருக்கு மேலே வந்தது. இருமினார், கையை ஆட்டினார். உயிரோடுதான் இருந்தார்.

"கொழாய் மாட்டிக்கிச்சு" என்றார் ரெமி, வீட்டுக்கு வந்ததும். "நான் இழுக்கக்கூட இல்ல. அதுக்குள்ள மச்சானுக்குத் தெரிஞ்சிருக்கு. எந்தப் பக்கம் சிக்கிருக்குன்னுகூட தெரிஞ்சிருக்கு பாரேன். அப்படி ஒரு கை."

எனக்கு நிம்மதி வரவில்லை. தப்பியது அதிர்ஷ்டம் என்றுதான் பட்டது. கூப்பிடக் கூப்பிடக் காதில் இருந்ததைப் பிடுங்கி எறிகிறான், தங்கை கதறுவது கேட்கிறது, கண்ணை மூடிக்கொள்கிறான். இரக்கம் என்பதே அவனிடமிருந்து போய்விட்டது. மறுநாளே கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

தணிப்புப் பிரிவில் இருந்தது டாக்டர் சுகிர்தா. நாகர்கோவில் பக்கத்துக்காரர். நரைத்த தலை, நிதானமான பேச்சு. என்னைப் பார்த்ததும் பழகியவர்போல உட்காரச் சொன்னார். அத்தான் செத்த புதிதில் எனக்குத் தூக்கமே இல்லாமல் போய், இதே ஆஸ்பத்திரிக்குச் சில தடவை வந்திருக்கிறேன். தூக்கத்துக்கு ஏதோ செய்தார்கள். பிறகு கட்டைபோலத் தூங்கினேன். அந்தப் பழக்கம்.

"எங்க அண்ணனுக்கு எடுத்தத திரும்ப வைக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அவரோட சிகிச்சையப் பத்தி நான் உங்ககிட்ட பேசக் கூடாதும்மா. பொதுவாக் கேட்டீங்கன்னா, முடியும். நாங்க எதையும் பிடுங்கிப் போடுறதில்ல. மரத்துப் போக வைக்கிறோம், அவ்வளவுதான். திரும்ப எழுப்பலாம். கால் மரத்துப்போயி ரத்தம் வரும்போது குத்துமே, அந்த மாதிரி இருக்கும், ஆனா ரொம்ப அதிகமா. அதுவும் சம்பந்தப்பட்டவங்களேதான் கேக்கணும். இதுவரைக்கும் யாரும் கேக்கல."

"அவன் கேக்க மாட்டான். அவனுக்குத்தான் எதுவுமே உறைக்கலியே." நேற்று நடந்ததை எல்லாம் சொன்னேன். சீட்டி, மூடிய கண், நான் கத்தியது, அவன் எறிந்தது.

டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "கயிறு அவர் கையில இருக்கும்போதா கூப்பிட்டீங்க?" என்றார்.

"ஆமா. பின்ன?"

"நிறைய தரமா?"

"தூங்குதான்னு பயந்து போயி..."

"உங்க அத்தான் இறந்த அன்னைக்கும் கூப்பிட்டீங்க, இல்லையா?"

"ஆமா" என்றேன். "அது கேக் விசயமா. புதுநன்மை வந்துச்சு. மக்ரூன் எவ்வளவு சொல்லன்னு கேட்டேன். அப்பல்லாம் படகுல ரேடியோ பெட்டிதான், அவன் அது பக்கம் திரும்பி உக்காந்து பதில் சொன்னான். சிரிச்சான்."

சந்தையில் மீன் விலை சொல்வதுபோலச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு என் குரல் என் காதிலேயே விழுந்தது.

"நீங்க பேசிட்டிருக்கும்போதுதான் கீழ அவர் இழுத்திருக்கார்" என்றார் டாக்டர்.

"அண்ணன் கண்ணசந்துட்டேன்னு சொன்னானே. நான் பேசி முடிச்சப்புறம் அசந்திருப்பான்னு..."

"பேசி முடிச்சீங்களா?"

இல்லை. பேச்சின் நடுவில்தான் கூச்சல் கேட்டது. அது எனக்கு எப்போதும் தெரியும். ஒரு நாளும் அதை நான் மறந்ததில்லை. மறக்காமலேயே இத்தனை வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

"இதையே நீங்க இதே நாற்காலியில உட்கார்ந்து என்கிட்ட சொல்லியிருக்கீங்க ஜெசிந்தா" என்றார் அவர். "அன்னைக்குச் சொல்லி முடிக்க உங்களுக்கு ஒரு முழு மத்தியானம் ஆச்சு. வார்த்தை வரல. வாந்தி எடுத்தீங்க."

அதுவும் ஞாபகம் இருந்தது. பச்சை நிற பேசின்கூட ஞாபகம் இருந்தது. சுவரில் மாட்டியிருந்த தணிப்பு வளையத்தைப் பார்த்தேன். என் தலையில் வைத்த அதே வளையம்.

"தூக்கத்துக்குன்னுதானே சொன்னீங்க?"

"அப்போ அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க. தணிப்புன்னு சொன்னா ஜனங்க பயந்தாங்க. நானும் சொன்னேன்." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அதுக்காக எனக்கு இன்னும் வலிக்குது. நான் அதுக்குத் தணிப்பு எடுத்துக்கல."

பல் பிடுங்கிய பிறகு மரத்துப்போன ஈறை நாக்கு தேடித் தேடித் தொடுமே, அதுபோல உள்ளே தேடினேன். அத்தான் முகம். நீலம். அவர் பெண்டாட்டி என் அக்கா. நான்தான் கூப்பிட்டேன். ஒன்றும் இல்லை. வழவழவென்று இருந்தது. அண்ணனைப் பற்றி நினைத்துப் பயந்ததெல்லாம் அந்த நொடியில் சின்னதாகப் போனது. வலிக்காதவர் திரும்பச் செய்வார் என்று ரெமியிடம் சொன்னேனே. நேற்று நான் செய்தது என்ன? அதே அறை, அதே ரேடியோ, கயிறு பிடித்தவன் காதில் அதே என் குரல். என் புருஷனை நானே கொல்லப் பார்த்திருக்கிறேன். அதற்கும்கூட எனக்குப் பயம்தான் வந்தது, உறுத்தல் வரவில்லை.

அண்ணன் துறைமுகத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"டாக்டரம்மாகிட்ட போனியா?"

"நீ ஏன் சொல்லல?"

"எத?"

"நான்தான் கூப்பிட்டேன்னு. விசாரணையில ஏன் தூங்கிட்டேன்னு பொய் சொன்ன?"

அவன் முறுக்கை விடாமல் சொன்னான். "ஒருத்தரு போயாச்சு. ஒன்னையும் சேத்து அக்கா தள்ளி வைக்கவா? நீ அப்பல்லாம் தூங்கவே இல்ல ஜெசி. பைத்தியம் புடிச்ச மாதிரி இருந்த. பொறவு எதோ செஞ்சாவ, நீ தூங்குன. போதும்னு விட்டுட்டேன்."

"பொறவு நான் சிரிச்சுக்கிட்டு ரேடியோல பேசினனே."

"ஆமா." ஒரு புரியை இழுத்து இறுக்கினான். "கோவம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். ஒங்குரல் காதுல விழும்போதெல்லாம் அந்த ரேடியோவ ஒடைக்கணும்போல இருக்கும். நீ சிரிக்கச் சிரிக்க எனக்குக் கை நடுங்கும்."

"இப்ப ஒனக்கும் மரத்துப் போச்சு."

"எனக்கா?" சிரித்தான். எனக்குப் பயம் தந்த அதே சிரிப்பு. "நான் தணிப்பு எடுக்கலட்டி."

"பின்ன சனிக்கெழமை எல்லாம் எதுக்குப் போன?"

"நாற்காலியில உக்காந்தேன். வளையத்தத் தூக்குனாவ. வேண்டாம்மா, இது போச்சுன்னா நான் ரெமி கயித்தப் புடிக்க லாயக்கு இல்லன்னேன். இது இருக்கணும், ஆனா கை நடுங்காம இருக்கணும், அதுக்கு வழி உண்டான்னு கேட்டேன். வழி இருக்கு, ஆனா ரொம்ப நாளாகும்னாவ. அதான் சனிக்கெழமை சனிக்கெழமை போயி பேசுதேன். கை நடுங்கலன்னா கம்பெனிக்குப் போதும். ஏன் நடுங்கலன்னு அவன் கேக்க மாட்டான்."

"பேசினா சரியாப் போவுமா?"

"சரியாவாது. சாமியாரு அப்பவே மன்னிச்சுட்டாரு. நான்தான் என்னைய மன்னிக்கல. டாக்டரம்மாதான் ஒருநாளு கேட்டாவ, கூப்பிட்டது யாரு, திரும்புனது யாருன்னு. நீ கூப்பிட்ட. ஆனா கயிறு எங்கையில. திரும்பாம இருந்திருக்கலாம், நான் திரும்புனேன். அது எம் பங்கு. நீ கூப்பிட்டது ஒம் பங்கு. ரெண்டையும் சேத்து நானே தூக்கித்தான் இடுப்பு ஒடிஞ்சிருக்கு. எம் பங்க மட்டும் தூக்குனா நடக்க முடியுதுட்டி. சிரிக்கக்கூட முடியுது. அக்கா முன்னாடி நிக்கவும் முடியுது."

"அந்தச் சீட்டி?"

"சீட்டியடிச்சா வாய் பேசாது. ஒங்குரலு வந்தாலும் காதுல ஏறாது. கண்ண மூடுனா வெரலு மட்டும்தான் மிஞ்சும். நேத்து நீ நிறுத்துத மாதிரி தெரியல, அதான் பிடுங்கி எறிஞ்சேன்." கயிற்றின் நுனியைக் கடித்து இறுக்கினான். "மறுபடி திரும்ப மாட்டேன் ஜெசி. யாரு கூப்பிட்டாலும்."

அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டிய இடம் அது. எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் என் முகத்தில் எதையும் தேடவில்லை. வராது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

"எம் பங்கு எனக்கு வேணும்" என்றேன்.

"யோசிச்சுக்க. லேசுப்பட்டதில்ல."

வேறு வேலை கேட்டு ரேடியோ அறையை விட்டு வந்தேன். ரெமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "சரி, நானும் கூட வாரேன்" என்றார். டாக்டர் சுகிர்தா மறுபடி அந்த வளையத்தை என் தலையில் வைத்தார். முதல் இரண்டு தடவையும் ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

அது வந்தது கேக் கடை வாசலில். பழம் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். உள்ளே மக்ரூன் வெந்துகொண்டிருந்தது. முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்ந்து வேகும் அந்த வாசனை தெருவுக்கு வந்தது. அன்றைக்கு ரேடியோவில் கேட்ட அண்ணனின் சிரிப்பு மறுபடி காதில் விழுந்தது. பிளம் கேக் வேண்டாம்ட்டி என்கிறான். நான் வேண்டுமென்றே இழுக்கிறேன், இன்னும் கொஞ்சம் வம்பு பண்ணலாம் என்று. அந்த நேரத்தில் கீழே அத்தான் கயிற்றை இழுக்கிறார். நான் சிரிக்கிறேன். அவர் இழுக்கிறார். கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு உள்ளே போகவில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், அது கடைவாய் வழியே வழிந்தது. இது இனி நிற்காது, நான் செத்துப் போவேன் என்று உண்மையிலேயே நம்பினேன்.

ரெமி வெளியூர் போயிருந்தார். அண்ணனுக்கு அன்று ஓய்வு, அவன்தான் வந்தான். படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"இது எப்பண்ணே நிக்கும்?"

"நிக்காது. பழகும்."

"அக்காகிட்ட போகணும். இப்பவே போகணும். நாளைக்குன்னா பயந்துருவேன்."

அக்கா வீடு அடுத்த தெரு.  அவள் கதவைச் சாத்தலாம். காறித் துப்பலாம். இனி என் வாசல்படியை மிதிக்காதே என்று சொல்லலாம். எல்லாவற்றுக்கும் அவளுக்கு நியாயம் இருந்தது. கதவைத் தட்டப் போன கை காற்றில் நின்று வெடவெடவென்று ஆடியது.

"நடுங்குதுண்ணே" என்றேன்.

"நடுங்கட்டும். விட்டுறாத."

தட்டினேன். அக்கா கதவைத் திறந்தாள். கையில் மாவு. என்னைப் பார்த்து, பின்னால் அண்ணனைப் பார்த்து, முகம் இறுகி, கதவை மூடப் போனாள். நான் இடையில் கையை வைத்தேன்.

"அக்கா, அத்தான் செத்த அன்னைக்கு இவன் கயித்தப் புடிச்சிருக்கும்போது ரேடியோல பேசிட்டிருந்தது நான். மக்ரூன் எவ்வளவு சொல்லன்னு கேட்டேன். அவரு இழுக்கும்போது நாங்க சிரிச்சுக்கிட்டிருந்தோம். இவன் அத யார்கிட்டயும் சொல்லல. எனக்கு வலிக்காம செஞ்சுட்டாவ, அதனால நானும் சொல்லல. இப்ப வலிக்குதுக்கா."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பிடித்திருந்த கை கீழே இறங்கியது. இத்தனை வருடம் கழித்து முதல்முறையாக அண்ணனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அப்ப நீ தூங்கலியாலே?" என்று கேட்டாள்.

அண்ணன் இல்லை என்று தலையை ஆட்டினான். அவனுக்கும் இப்போது கை நடுங்கிக்கொண்டிருந்தது.